கோவலூர் பீட்

சங்கராபுரம் பேருந்து நிலையத்திலிருந்து கிழக்கே போனால் திருக்கோவிலூர். வடக்கே போனால் செங்கம். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் கல்வராயன் மலை. அதைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால் தர்மபுரிச் சீமை. தென்மேற்கே போய்க்கொண்டே இருந்தால் கொல்லிமலை. இன்றைக்கு இந்தத் திசைகளில் போய் வருவது பெரும்பாலும் மரவள்ளிக்கிழங்கும் கரும்பும்தான். சுமார் 2000 வருஷத்துக்கு முன்னால் இதே வட்டாரம்தான் தமிழ்நாட்டின் பிரீமியர் லீக்.

கிழக்கே கோவலூர் அணி. உரிமையாளர் மலையமான் திருமுடிக்காரி. தன் குதிரைக்கும் காரி என்றே பெயர் வைத்திருந்த ஆள். களத்தில் யாராவது ‘டேய் காரி’ என்று கத்தினால் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். மேற்கே தகடூர் அணி, அதியமான் நெடுமான் அஞ்சி. தென்மேற்கே கொல்லி அணி, வல்வில் ஓரி. யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஒரே அம்பில் கோத்தவன் என்று இவனைப் பற்றி வன்பரணர் எழுதி வைத்திருக்கிறார். அன்றைக்கு ஓரி போட்ட விருந்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் இந்த எண்ணிக்கையைப் படிக்க வேண்டும். வடக்கே செங்கத்தில் நன்னன். இத்தனை பேருக்கும் நட்டநடுவில் நாங்கள். எங்களுக்கு அணி எதுவும் கிடையாது. மாவட்டமே 2019 நவம்பரில்தான் கிடைத்தது.

ஆட்டம் என்று இருந்தால் எழுத ஆள் வேண்டும். அந்தக் காலத்தில் அந்த உத்தியோகத்துக்குப் புலவர் என்று பெயர். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இவர்களை எழுத்தாணியும் ஞானப்பார்வையுமாகப் படம் போட்டுக் கெடுத்துவிட்டோம். புறநானூற்றை நிதானமாகப் படித்தால் வேறு மனிதர்கள் தெரிகிறார்கள். ஊர் ஊராக நடக்கிறார்கள். வாயில்காவலனோடு மல்லுக்கட்டுகிறார்கள். எந்த மன்னன் எவ்வளவு கொடுக்கிறான், யார் இழுத்தடிக்கிறான், யாருக்கு யார் மேல் கடுப்பு என்று எல்லாத் தகவலும் விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். தாலுகா நிருபர் ஒருவரோடு அரைமணி நேரம் டீ குடித்திருந்தால் இந்த ஜாடை உடனே பிடிபட்டுவிடும்.

இந்தக் கதையை இப்போது எடுப்பதற்கு ஒரு சாக்கு உண்டு. 2024 செப்டம்பர் 18 அன்று அமெரிக்காவில் ஏட்ரியன் வோஜ்னரோவ்ஸ்கி என்ற கூடைப்பந்து நிருபர் வேலையை விட்டார். எந்த ஆட்டக்காரன் எந்த அணிக்குப் போகிறான் என்பதை மற்றவர்களுக்கு ஒரு நிமிஷம் முந்திச் சொல்வது அவர் தொழில். அந்த ஒரு நிமிஷத்துக்கு ஈஎஸ்பிஎன் கொடுத்து வந்த சம்பளம் வருஷத்துக்கு 70 லட்சம் டாலருக்கு மேல் என்று பத்திரிகைகள் எழுதின. அதை உதறிவிட்டு, தான் படித்த செயின்ட் பொனவென்சர் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணிக்கு 75,000 டாலர் சம்பளத்தில் பொது மேலாளராகப் போனார். அக்டோபர் 7 அன்று அவர் நாற்காலியில் ஷாம்ஸ் சரானியா உட்கார்ந்தார். இவர் ஒரு காலத்தில் யாஹூவில் வோஜ்னரோவ்ஸ்கிக்குக் கீழே வேலை பார்த்து, பிறகு வெளியே போய் அவருக்கே போட்டியாக நின்றவர். அமெரிக்காக்காரர்கள் பூகம்பம் வந்த மாதிரி அலறினார்கள். சங்கராபுரத்திலிருந்து பார்த்தால் இதெல்லாம் பழைய கஞ்சி.

முதலில் ஆட்டத்தைப் பார்த்துவிடுவோம். எனக்குத் தெரிந்து தமிழின் மூத்த விளையாட்டுச் செய்தி ஒரு மல்யுத்தம். ஒரு பக்கம் முக்காவல் நாட்டு ஆமூர் மல்லன். மறுபக்கம் உறையூர் தித்தனின் மகன், சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி. இந்தப் பெயரை எந்த ஜெர்சியின் முதுகிலும் அடிக்க முடியாது. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டு வெளியே வந்த பையன். கையில் காசில்லை, சாப்பாட்டுக்குக் கூழ். உள்ளூர் மல்லனை வெளியூர்ப் பையன் இழுத்துப் போட்டு மடக்குகிறான்.

செய்தி கொடுத்தவர் சாத்தந்தையார். ‘அனல் பறந்த ஆட்டம்’, ‘ரசிகர்கள் ஆரவாரம்’ என்ற சரக்கெல்லாம் அவரிடம் இல்லை. ஒரு முழங்கால் மல்லனின் மார்பில் ஊன்றியிருக்கிறது. இன்னொரு கால் அவன் முதுகுப் பக்கம் போய் அவன் போடும் பிடியை உடைக்கிறது. பசித்த யானை மூங்கிலை முறிக்கிற மாதிரி தலைமாட்டையும் கால்மாட்டையும் சேர்த்து ஒடிக்கிறான். கால் எங்கே, கை எங்கே என்று இவ்வளவு துல்லியமாக எழுத வேண்டுமானால் களத்தின் ஓரத்திலேயே நின்றிருக்க வேண்டும். நடுவே ஒரு குசும்பும் உண்டு: பிடிக்கிறதோ பிடிக்கவில்லையோ, இதை இந்தப் பையனின் அப்பா தித்தன் வந்து பார்த்திருக்க வேண்டும் என்கிறார். குடும்பச் சண்டையைச் செய்திக்குள் நைசாக நுழைக்கிற வித்தை அப்போதே வந்துவிட்டது.

இன்னொரு செய்தியில் ஆட்டத்தின் வேகத்தைச் சொல்ல வேண்டும். கையில் கடிகாரம் இல்லை, ரீப்ளே இல்லை. சாத்தந்தையார் கட்டிலுக்கு வார் பின்னுகிற ஒரு தொழிலாளியைப் பிடிக்கிறார். ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது. வீட்டில் மனைவிக்குப் பிரசவ வலி. வெளியே மழை. பொழுது வேறு இறங்குகிறது. கையிலிருக்கிற கட்டிலை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் அவன் கிளம்ப முடியும். அந்த நேரத்தில் அவன் கையில் ஊசி என்ன பாய்ச்சல் பாயும்? சண்டை அந்த வேகத்தில் நடந்ததாம். இந்த ஊசிக்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்த ஒரு வரியை இத்தனை வருஷ நேரடி வர்ணனையில் நான் கேட்டதில்லை. நம்முடைய வர்ணனையாளர்கள் ‘என்ன ஒரு ஆட்டம்’ என்பார்கள். சந்தேகம் வந்தால் இன்னொரு தரம் சொல்வார்கள்.

அதே ஆட்டத்தை இன்னொரு நிருபரும் எழுதினார். பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார். பெருங்கோழி என்பது உறையூர். நாய்கன் என்றால் பெரிய வியாபாரி. வசதியான வீட்டுப் பெண். பத்திரிகை ஒழுக்கம் பற்றி வகுப்பெடுக்கிறவர்கள் தயவுசெய்து காதைப் பொத்திக்கொள்ளவும்: அம்மையாருக்கு ஆட்டக்காரன் மேல் காதல். மறைக்கவும் இல்லை. கட்டிப்பிடிக்க ஆசைதான், ஆனால் சபையில் இத்தனை பேர் இருக்கிறார்களே என்று பாட்டிலேயே எழுதுகிறார். கூழைக் குடித்துவிட்டு அவன் தோள் பெருத்துப்போய் நிற்கிறான், அவனுக்குப் பக்கத்திலேயே இருந்தும் நான்தான் பசலை பூத்துக் கிடக்கிறேன் என்று புலம்புகிறார். ஆட்டக்காரனின் உணவுத் திட்டம், நிருபரின் உடல்நிலை இரண்டும் ஒரே செய்தியில்.

அப்படி இருந்தும் முடிவு சொல்லும்போது அந்த அம்மாள் தொழிலை விடவில்லை. வெளியூர்க்காரன் என்பதால் ஊர் இரண்டு பட்டு நிற்கிறது. ஒரு கூட்டம் அவன் ஜெயித்தான் என்கிறது, ஒரு கூட்டம் இல்லை என்கிறது. இவர் சிலம்பு கலகலக்க ஓடி, தன் வீட்டுப் பனைமரத்தில் சாய்ந்து நின்று பார்க்கிறார். அவன் ஜெயித்ததை என் கண்ணால் பார்த்தேன் என்று முடிக்கிறார். இரு தரப்புக் கருத்து, செய்தியாளர் நின்ற இடம், நேரில் கண்ட முடிவு. பத்திரிகை அலுவலகத்தில் பத்து வருஷம் குப்பை கொட்டினாலும் சிலருக்கு இந்த மூன்றும் ஒன்றாக அமைவதில்லை.

இனி வேலைவாய்ப்பு. எங்கள் பக்கத்து அணியான கோவலூருக்கு ஆளெடுப்பதில் நல்ல பெயர். நாள் பார்க்காமல் போ, சகுனம் சரியில்லாமல் போ, நேரங்கெட்ட நேரத்தில் போ, உள்ளே போய் வார்த்தை குளறு, அப்போதும் காரி வெறுங்கையோடு அனுப்ப மாட்டான் என்று கபிலர் சான்றிதழ் தருகிறார். நேர்முகத் தேர்வில் சொதப்பினாலும் வேலை நிச்சயம் என்று உத்தரவாதம் தந்த ஒரே நிறுவனம் திருக்கோவிலூரில்தான் இருந்திருக்கிறது. இன்னொரு சான்றிதழ் இதைவிடச் சுவையானது. காலையிலேயே குடித்துவிட்டு மப்பில் தேரைத் தூக்கிக் கொடுப்பது எவனுக்கும் முடியும். காரி குடிக்காத நேரத்திலும் கொடுப்பான், அதுவும் முள்ளூர் மலையில் விழுகிற மழைத்துளியைவிட அதிகமாக. ஊரில் மற்ற முதலாளிகள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பது இந்தப் பாராட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

ஆனால் எல்லோருக்கும் கொடுக்கிற முதலாளியிடம் மூத்த நிருபருக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. நேற்று வந்தவனுக்கும் அதே தேர், இருபது வருஷ அனுபவஸ்தனுக்கும் அதே தேர் என்றால் எப்படி? கபிலர் நேராகக் காரியிடமே போய்ச் சொல்லிவிட்டார். ஒரு வள்ளல் இருக்கிறான் என்றால் நாலா திசையிலிருந்தும் ஆள் வரத்தான் செய்யும். அள்ளிக் கொடுப்பது சுலபம், வந்தவனின் தரம் அறிவதுதான் கஷ்டம். ஆகையால் புலவர்கள் எல்லோரையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதை நிறுத்திக்கொள். இதைத் தத்துவம் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். படிக்கத் தெரிந்தவனுக்கு இது சுத்தமான சம்பள உயர்வு மனு. இவ்வளவு கௌரவமாகக் கேட்கப்பட்ட இன்க்ரிமென்ட் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

கபிலருக்கு அந்தத் திமிர் இருக்க நியாயம் உண்டு. அவர் முதலில் வேலை பார்த்தது பறம்புமலைப் பாரியிடம். பாரி தன் 300 ஊரையும் வந்தவர்களுக்கே கொடுத்துத் தீர்த்தவன். மூவேந்தரும் மலையை முற்றுகையிட்டபோது கபிலர் அவர்களைப் பார்த்து, இப்படிச் சண்டை போட்டால் கிடைக்காது, பாட்டுப் பாடிக்கொண்டு வாருங்கள், நாட்டையும் மலையையும் சேர்த்தே தருவான் என்று நக்கல் அடித்தார். நிறுவனம் மூழ்கிய பிறகு முதலாளியின் இரண்டு பெண்களையும் கையில் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை தேடி அலைந்தார். விச்சிக்கோனிடம் போனார், நடக்கவில்லை. இருங்கோவேளிடம் போனார், 49 தலைமுறை வம்சப் பெருமையெல்லாம் எடுத்துச் சொன்னார், அவன் மறுத்துவிட்டான். உடனே குரல் மாறியது. உன் முன்னோர் ஒருவன் கழாத்தலையாரின் பாட்டை மதிக்காமல் விட்டான், அரையம் என்ற ஊர் அழிந்தது. ஞாபகம் வைத்துக்கொள் என்றார். நாளைக்குக் காலையில் பேப்பரில் பார் என்று இன்றைக்கு மிரட்டுகிறவர்களின் மூதாதை மிரட்டல் இது. கடைசியில் பாரி மகளை மலையனிடம் ஒப்படைத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்று ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் சொல்கிறது. தென்பெண்ணை நடுவில் கபிலர் குன்று இன்னும் நிற்கிறது. எங்கள் ஊரிலிருந்து பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுவார்கள். பிள்ளைகள் ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வரும்.

நிருபருக்கென்று ஒதுக்கிய செய்திப் பகுதியைப் பத்திரிகைக்காரர்கள் பீட் என்பார்கள். இப்பேர்ப்பட்ட ஆள் உட்கார்ந்திருந்த பீட்டுக்கு அடுத்து ஒருவர் விண்ணப்பம் போட்டால் அவர் கதி என்ன? அந்தக் கதி மாறோக்கத்து நப்பசலையாருக்கு வந்தது. காரியைப் பாட வந்த அந்த அம்மாள் எடுத்த எடுப்பில் ஒப்புக்கொள்கிறார்: அப்பழுக்கில்லாத கபிலர் உன்னைப் பாடிவிட்டுப் போனார், இனி எங்களுக்கு இடம் ஏது? மேற்குக் கடலில் சேரனின் பொன் கொண்டுவரும் கப்பல் ஓடிய பாதையில் வேறு தோணி போக முடியாது, எங்கள் பிழைப்பு அப்படி இருக்கிறது. ஆனாலும் வறுமை துரத்துகிறது, உன் புகழ் இழுக்கிறது, வந்துவிட்டேன். நட்சத்திர நிருபரின் நாற்காலிக்கு வருகிறவர்கள் வழக்கமாக அறிக்கை ஒன்று விடுவார்கள். பெருமையாக உணர்கிறேன், சவாலாக ஏற்கிறேன் என்று. வயிற்றுப் பாட்டை முதல் பத்தியிலேயே போட்டு உடைத்த நப்பசலையாரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இவரை இங்கே கொஞ்சம் உட்கார வைத்துவிட்டுச் சம்பளப் பட்டியலைப் பார்த்துவிட்டு வருவோம்.

பட்டியல் பதிற்றுப்பத்துப் பதிகங்களில் கசிந்திருக்கிறது. ஒப்பந்தம் எல்லோருக்கும் ஒன்றுதான்: ஒரு சேர அரசன், பத்துப் பாட்டு. குமட்டூர்க் கண்ணனாருக்கு 500 ஊர், கூடவே 38 வருஷத்துக்குத் தென்னாட்டு வருவாயில் பங்கு. காப்பியாற்றுக் காப்பியனாருக்கு 40 லட்சம் பொன். காக்கைபாடினியார் நச்செள்ளையாருக்கு நகை செய்துகொள்ள ஒன்பது கா பொன், ஒரு லட்சம் காணம், அரசன் பக்கத்தில் ஆசனம். கபிலருக்கு ஒரு லட்சம் காணமும் நன்றா என்ற குன்றின் மேல் ஏறி நின்று கண்ணுக்குத் தெரிந்த நாடும். சேரன் கிட்டப்பார்வைக்காரனாக இருந்திருந்தால் அவனுக்கு எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பதிகம் எழுதியவர்கள் பின்னால் வந்தவர்கள், அதனால் ஒரு பூஜ்யம் கூடக்குறைய இருக்கலாம். சம்பளத்தைப் பற்றிய பேச்சில் பூஜ்யம் கூடுவது எந்தக் காலத்திலும் உள்ளதுதான்.

இதே பட்டியலில்தான் நம் வோஜ்னரோவ்ஸ்கியும் இருக்கிறார். பெயர் அரிசில்கிழார். தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையை அவர் பாடினார். பாட்டைக் கேட்ட சேரன் ராணியோடு அரண்மனையை விட்டு வெளியே வந்து நின்று, உள்ளே இருப்பதெல்லாம் உன்னுடையது என்றான். ஒன்பது லட்சம் காணத்தோடு சிம்மாசனத்தையும் கொடுத்தான். அரிசில்கிழார் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்து, நீயே ஆளு என்று சொல்லிவிட்டு, அமைச்சர் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டார். அணியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர் பெரும் பணத்தை விட்டுவிட்டு அணியின் நிர்வாகத்துக்குள் போகிறார். 2024-ல் நியூயார்க்கில் ஆச்சரியப்பட்டார்களே, அது இதுதான்.

அந்தச் சேரனிடம் வேலை செய்ய ஆள் அடித்துப்பிடித்து வந்ததில் வியப்பில்லை. மோசிகீரனார் நடந்த களைப்பில் முரசு வைக்கிற கட்டிலில் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டார். வெட்டிப் போட வேண்டிய குற்றம். அரசன் வெட்டவில்லை, பக்கத்தில் நின்று விசிறிவிட்டான். இன்றைக்குச் செய்தியாளர் கூட்டத்தில் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்கவே அடிதடி.

எல்லாச் சேரனும் அப்படி இல்லை. பெருங்குன்றூர்கிழார் ஒரு சேரமானிடம் காத்துக் கிடந்த கதையைக் கேளுங்கள். முந்தின நாள் பரிசில் கைக்கு வந்த மாதிரி காட்டினாய், மறுநாள் பொய்யாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நன்றாக இரு என்று வாழ்த்திவிட்டுக் கிளம்புகிறார். அவர் வீட்டில் எலிகூடப் பசியில் செத்துப்போயிருந்ததாம். பகுதிநேர நிருபர்களுக்கு இந்த எலியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அச்சான செய்தியை அளந்து காசு, அந்தக் காசும் மூன்று மாதம் கழித்து, பொங்கல் மலருக்கு விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் ஏதோ கமிஷன். அடையாள அட்டை மட்டும் உடனே வந்துவிடும். பெருங்குன்றூர்கிழாருக்காவது பதிற்றுப்பத்தில் 32,000 காணம் கிடைத்ததாகக் கணக்கு இருக்கிறது.

ராஜினாமாக் கடிதத்தில் முதல் பரிசு பெருஞ்சித்திரனாருக்கு. வெளிமானின் தம்பி இளவெளிமான் கொஞ்சமாகக் கொடுத்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேரே குமணனிடம் போனார். குமணன் யானை கொடுத்தான். அந்த யானையை வீட்டுக்கு ஓட்டிப் போகாமல், திரும்ப இளவெளிமான் ஊருக்கே கொண்டுவந்து, அவனுடைய காவல்மரத்தில் கட்டினார். இரப்பவர்களைப் பாதுகாக்கிறவன் நீ இல்லை, அதற்காக அவர்களைப் பாதுகாக்கிறவனே உலகத்தில் இல்லாமல் போய்விடவில்லை, உன் மரத்தில் கட்டியிருப்பது எனக்கு வந்த பரிசு, நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். புதுக் கம்பெனியின் காரைப் பழைய கம்பெனியின் வாசலில் நிறுத்திவிட்டு ஹாரன் அடிக்கிற ஆசை வேலை மாறிய எல்லோருக்கும் உண்டு. யானையோடு செய்தவர் இவர் ஒருவர்தான். இதே மனிதர், அதியமான் இவரைப் பார்க்காமலேயே பரிசை அனுப்பியபோது, நான் வியாபாரி இல்லை, என்னைப் பார்த்து என் தகுதி அறிந்து தினையளவு கொடு போதும் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். இப்படிப்பட்ட ஆளை எந்த மனிதவளத் துறையும் தாங்காது.

தகடூரில் நிரந்தர ஊழியர் ஔவையார். அவருக்கும் ஒரு நாள் வாசலில் தாமதமானது. வாயில்காவலனைக் கூப்பிட்டு, உன் அஞ்சிக்குத் தன் தரம் தெரியவில்லையா, என் தரம் தெரியவில்லையா என்று கேட்டார். அறிவும் புகழும் உள்ளவர்கள் எல்லோரும் செத்து உலகம் காலியாகிவிடவில்லை. கோடாலி உள்ள தச்சன் மகனுக்குக் காட்டில் மரத்துக்கா பஞ்சம். எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் எங்களுக்குச் சோறு உண்டு. மூட்டை கட்டிக் காட்டியதோடு சரி. அம்மையார் அதியமானோடுதான் இருந்தார். வேறு இடத்தில் வேலை இருக்கிறது என்று அவ்வப்போது வாசலில் சத்தம் போட்டுக்கொண்டே முப்பது வருஷம் ஒரே அலுவலகத்தில் ஓட்டுகிறவர்கள் நமக்கும் தெரிந்தவர்கள்தான்.

லீக்கில் பெரிய ஆட்டங்கள் இரண்டு. காரி ஓரியைக் கொன்று, கொல்லிமலையை அப்படியே தூக்கிச் சேரனுக்குக் கொடுத்தான். 2025 பிப்ரவரி முதல் வாரத்தில் கூடைப்பந்து நட்சத்திரம் லூகா டான்சிச்சை டல்லாஸ் அணி லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது என்று ஷாம்ஸ் சரானியா ராத்திரியில் செய்தி போட்டபோது, அவர் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்றே பலர் நினைத்தார்களாம். கொல்லிமலை கைமாறிய செய்தி வந்தபோது கல்வராயன் அடிவாரத்தில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று எனக்கு ஒரு யூகம் உண்டு; அச்சில் போட முடியாது. இன்னொன்று, அதியமான் மலையைச் சுற்றி வந்து கோவலூரையே அடித்தது. ஊர்ச் செய்தி, ஔவையார் எழுதியிருக்க வேண்டியது. அவரோ, இன்றைக்கு உன்னைப் பரணன் பாடினான் என்று வெளிநிருபரின் பெயரைச் சொல்லித் தன் பாட்டில் போடுகிறார். சக நிருபர் எடுத்த செய்தியை அவர் பெயரோடு எடுத்தாண்டதற்கு இதைவிடப் பழைய சாட்சி எனக்குத் தெரியாது. இன்றைக்கு ‘தகவல்கள் தெரிவிக்கின்றன’ என்று முடித்துவிடுவார்கள்.

கோவலூர்க்காரர்கள் அடி வாங்கினார்கள் என்பதற்காக அவர்களைக் குறைத்து எடைபோட வேண்டாம். மூவேந்தரும் ஆளுக்கொரு தடவை வாடகைக்குக் கூப்பிட்ட அணி அது. தேர்வண் மலையன் ஒருமுறை சோழனுக்காக இறங்கிச் சேரனைத் தோற்கடித்தான். ஆட்டத்துக்குப் பிந்தைய பேட்டியை வடம வண்ணக்கன் பெருஞ்சாத்தனார் பதிவு செய்திருக்கிறார். ஜெயித்தவன், மலையன் இருந்ததால் ஜெயித்தோம் என்றான். தோற்றவன், மலையன் மட்டும் வராமல் இருந்திருந்தால் நாங்கள்தான் என்றான். ரெண்டு பேட்டிக்கும் ஒரே நாயகன். ஏலத்தில் அடுத்த வருஷம் அவன் விலை என்ன ஆகியிருக்கும்!

வேலை மாறுவதில் ஒரு ஆபத்தும் இருந்தது, அது இளந்தத்தனுக்கு வந்தது. சோழர் வீட்டில் பங்காளிச் சண்டை. நலங்கிள்ளி ஒரு பக்கம், நெடுங்கிள்ளி ஒரு பக்கம். நலங்கிள்ளியிடம் எழுதிக்கொண்டிருந்த இளந்தத்தன், பாவம், அடுத்த வாய்ப்புத் தேடி உறையூருக்குள் நுழைந்தான். நெடுங்கிள்ளி இவன் ஒற்றன் என்று முடிவு கட்டி, கொல்லச் சொல்லிவிட்டான். பழைய முதலாளியிடமிருந்து வருகிறவன் உளவாளிதான் என்ற சந்தேகம் இன்றைக்கும் எல்லா அலுவலகத்திலும் உண்டு. அதிகபட்சம் முதல் ஆறு மாதம் மீட்டிங்குக்குக் கூப்பிட மாட்டார்கள். அங்கே தலை போகிற காரியம்.

கோவூர்கிழார் குறுக்கே வந்து நின்றார். அந்தக் காலத்துச் செய்தியாளர் சங்கத் தலைவர் என்று அவரைச் சொல்லலாம், தேர்தலில் நிற்காதவர். அவருடைய வாதம் இதுதான்: புலவர்கள் பறவை மாதிரி தூரம் பாராமல் பறந்து போவார்கள். தெரிந்ததைப் பாடுவார்கள். கிடைத்ததை வைத்துச் சொந்தக்காரர்களுக்குச் சோறு போடுவார்கள். சேர்த்து வைக்கத் தெரியாது. இந்தப் பிழைப்பில் அடுத்தவனுக்குக் கெடுதல் செய்ய நேரமேது? போட்டிப் புலவர்களைத் தலைகுனிய வைப்பதைத் தவிர வேறு தீங்கு அறியாதவர்கள். அந்தக் கடைசி வரிக்காகவே அவரை நான் நம்புகிறேன். நிருபர்கள் எல்லோரும் புத்தர்கள் என்று அவர் சொல்லியிருந்தால் நெடுங்கிள்ளி சிரித்திருப்பான்.

அவரே இன்னொரு தடவையும் குறுக்கே விழுந்தார். இந்தத் தடவை கோவலூருக்காக. சோழன் கிள்ளிவளவன் மலையமான் வீட்டுக் குழந்தைகளைப் பிடித்து யானைக் காலில் போட நிறுத்தியிருந்தான். கோவூர்கிழார் அங்கே என்ன பார்த்தார் என்பதைக் கவனியுங்கள். யானையைப் பார்த்ததும் குழந்தைகள் அழுகையை நிறுத்திவிட்டன, வேடிக்கை பார்க்கின்றன. கூட்டத்தைப் பார்த்துத்தான் மிரள்கின்றன. இதை எழுதிவிட்டு, ஒரு புறாவுக்காகத் தன்னையே கொடுத்தவன் வம்சம் நீ, புலவர்களுக்குத் தன் சோற்றைப் பகிர்ந்தவர்கள் வம்சம் இவர்கள், நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், பிறகு உன் இஷ்டம் என்று முடித்துக்கொண்டார். கட்டுரையெல்லாம் கிண்டல் அடித்துக்கொண்டு வந்தேன். அழுகையை நிறுத்திய அந்தக் குழந்தைகளிடம் மட்டும் என் கிண்டல் செல்லவில்லை.

இந்தச் செய்திகளெல்லாம் அச்சேறியது 1894-ல், உ.வே.சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது. சுமார் 2000 வருஷத் தாமதம். பக்கம் மூட நேரமாகிவிட்டது, நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று நிருபர்களிடம் சொல்லப்படுவதில் இதுவே சாதனை.

நப்பசலையாரை உட்கார வைத்துவிட்டு வந்தோமே. அம்மாள் சும்மா உட்காரவில்லை. காரிக்குப் பிறகு மலையமான் சோழிய ஏனாதி திருக்கண்ணனையும் பாடியிருக்கிறார். கபிலர் போன பிறகும் கோவலூர் பீட் கைவிட்டுப் போகவில்லை என்று அர்த்தம். அதோடு, மலையமான் பிள்ளைகளை யானை முன்னால் நிறுத்தினானே, அந்தக் கிள்ளிவளவனையும் இவரே பாடினார். இரண்டு பக்கமும் எழுதினார், யாரும் ஒற்றன் என்று பிடித்து வைக்கவில்லை. கிள்ளிவளவன் செத்தபோது இரங்கல் குறிப்பும் இவர்தான் கொடுத்தார். அவனைக் கோபத்தோடு எதிர்த்து வந்திருந்தால் கூற்றுவன் பிழைத்துப் போயிருக்க முடியாதாம். ஆகையால் புலவர் வேஷத்தில், கைகூப்பி, வாயாரப் புகழ்ந்து, உயிரைப் பரிசிலாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்கிறார். எமனும் அந்த வாசலில் வரிசையில் நின்றுதான் வாங்கினான்.